குத்திய கைதான் சாப்பிட வேண்டும்

வியாழன், பிற்பகல் மூன்று மணி

பினாங்கில் இறங்கி நான் கேட்ட முதல் கேள்விக்கே டாக்சி ஓட்டுநர் கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஒன்றும் தப்பாகக் கேட்டுவிடவில்லை. "இங்கே ஏரியில் முங்கி, ஈட்டியால் மீன் குத்தலாமா?" என்றுதான் கேட்டேன்.

"எந்த ஏரிக்கா? ஆயர் ஈத்தாம் டேமா? அது குடிக்கிற தண்ணி லா. உள்ள எறங்கினா மீன் கிடைக்குதோ இல்லையோ, உங்களப் புடிச்சிட்டுப் போயிருவான்."

"மற்ற ஏரிகளில்?"

"கடல்ல புடிக்கலாமே. சுத்தி கடல்தானே? எதுக்குக்கா ஏரி?" என்றார். நியாயமான கேள்விதான். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து ஆயர் ஈத்தாமுக்குப் பதினான்கு கிலோமீட்டர், இருபத்து நான்கு வெள்ளி. ரிங்கிட்டை இங்கே நம்மவர்கள் வெள்ளி என்கிறார்கள். இறங்கும்போது, "பாத்துக்கா, ஈட்டி கீட்டின்னு சத்தமா பேசாதீங்க" என்று அறிவுரை வேறு.

நான் மதுரையில் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். பிறந்தது சிங்கம்புணரிப் பக்கம். கண்மாயில் நீந்திப் பழகிய உடம்பு, மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காத நாக்கு. அண்ணியின் தங்கை கலா பினாங்கில் இருக்கிறாள். நாலு தலைமுறைக்கு முன்னால் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவரின் வழி. காப்புறுதி அலுவலகத்தில் வேலை, சனிக்கிழமையானால் மூச்சடக்கித் தண்ணீருக்குள் முங்குவது பொழுதுபோக்கு. போன வருஷம் அவள் அனுப்பிய ஒரு வீடியோவில் பச்சைத் தண்ணீருக்குள் நீளக் கம்போடு மீன் போல வளைந்து போனாள். பார்த்த அன்றே, "எனக்கும் ஒரு ஈட்டி எடுத்து வை" என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் போட எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அன்று இரவுச் சாப்பாட்டில் கத்தரிக்காய்க் கறி, பருப்பு, கீரை. எட்டிப் பார்த்தேன், வேறு சட்டியே இல்லை.

"புரட்டாசிக்கா. மாசம் முழுக்க மரக்கறிதான்" என்றாள் கலா.

அடக் கடவுளே! நான்கு பக்கமும் கடல் உள்ள ஊருக்கு நான் வந்த நேரம் அப்படி. மனத்தைத் தேற்றிக்கொண்டு, "சரி, புரட்டாசியில் மீன் குத்தப் போகிறோமே, அது மட்டும் பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"நான் குத்தலேக்கா. வாசு குத்துவான், வாசு சாப்பிடுவான். அவன் விரதமே இருந்ததில்ல."

வாசு அவளோடு முங்கும் கூட்டாளி, ஜூருவில் காடிப் பட்டறை, அதாவது கார் பழுது பார்க்கும் கடை, வைத்திருப்பவன். அவனை நம்பித்தான் சனிக்கிழமையே நின்றது. விஷயம் இதுதான்.

புக்கிட் மெர்தாஜாமைத் தாண்டி ஒரு டுரியான் தோட்டம். அதன் நடுவே கல் வெட்டி வெட்டிப் பள்ளமாகி, ஊற்று நிரம்பிக் குளமான பழைய கல்குவாரி. தோட்டத்துக்காரர் ஒரு சீன மாது, கணவர் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. எல்லோருக்கும் அவர் 'ஆன்ட்டி'. கணவர் ஆசையாகக் கெலா குஞ்சுகளை வாங்கி விட்டு வளர்த்த குளம் அது. கெலா என்றால் பொன்னிறச் செதில் வைத்த உள்ளூர் ஆற்று மீன், இங்கே அதற்குத் தனி மரியாதை. பின்னால் எவனோ ஒரு புண்ணியவான் 'ராஜா' என்கிற வெளிநாட்டு மீனைக் கொண்டுவந்து விட்டுப் போய்விட்டான். ராஜா தன் குஞ்சுகளைக் காவல் காக்கும், மற்றவற்றின் குஞ்சுகளை விழுங்கும். இரண்டு வருஷமாக ஒரு கெலாவைக்கூட யாரும் கண்ணால் பார்க்கவில்லை. எல்லாம் போய்விட்டது, பம்பு வைத்துத் தண்ணீரை வற்றடித்துச் சுண்ணாம்பு போட்டுச் சுத்தம் செய்துவிடலாம் என்று ஓர் ஒப்பந்தக்காரர் சொல்ல, ஆன்ட்டி முன்பணமும் கொடுத்துவிட்டார். பம்பு திங்கட்கிழமை வருகிறது.

"நான் போய் கெஞ்சினேன்க்கா. ஈட்டின்னா எந்த மீனுன்னு பாத்து எடுக்கலாம், மத்தது சாகாது, ஒரு சான்ஸ் குடுங்கன்னு. கடைசியில சனிக்கிழமை ஒரு நாள் குடுத்திருக்காங்க. நல்லபடியா செஞ்சு காட்டினா பம்பு வராது. குளம் நம்மகிட்ட இருக்கும்." என்றாள் கலா. முங்குவதற்கு அவளுக்கு இருக்கும் ஒரே நன்னீர் அதுதான்.

ஆன்ட்டி இரண்டு நிபந்தனை வைத்திருந்தார். கெலாவின் மேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது. அடுத்தது, குத்திய கைதான் அந்த மீனைச் சாப்பிட வேண்டும், அதுவும் அவர் கண் முன்னால். முன்பு தூண்டில்காரர்கள் வந்து பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, மீனைக் கரையிலேயே நாறவிட்டுப் போனார்களாம். அன்றிலிருந்து இந்தச் சட்டம்.

வெள்ளி

கலா எனக்கு ஈட்டியைக் காட்டினாள். என் உயரத்துக்கும் மேலே ஒரு முழம் நீண்ட நாரிழைக் கம்பு. பின்முனையில் ரப்பர் வளையம், முன்முனையில் திருகிக் கழற்றும் மூன்று முள். ரப்பரைக் கட்டைவிரலில் மாட்டி, கம்பை முன்னே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையை விட்டால் பாயும். விசை வைத்த துப்பாக்கி ஈட்டி வேண்டாமா என்றேன். "அதெல்லாம் வேணாம்க்கா, தலைவலி. ரப்பர்னா கிட்டப் போனாத்தான் குத்த முடியும். கிட்டப் போனா எந்த மீனுன்னு தெரிஞ்சிரும்."

நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. முதல் முங்கல் யாருக்கானாலும் வெறுங்கையோடுதானாம், அவர்கள் குழுவின் வழக்கம். கண்மாயில் பிறந்தவளுக்கு வெறுங்கையா! எனக்கு மூக்குமேல் கோபம் வந்தது. "முப்பது வருஷமாக நீந்துகிறேன்டி" என்றேன்.

"நீந்துவீங்க. மீனு தெரியுமா? வால்ல கண்ணு மாதிரி வட்டம் இருந்தா ராஜா. இல்லன்னா கைய வைக்கக் கூடாது. அத நூறு தடவ பாத்தப்புறம்தான் ஈட்டி."

மதியம் ஜார்ஜ் டவுனுக்குப் பஸ் ஏறி, ஓர் அரசு அலுவலக முகப்பில் சட்டத்தையும் கேட்டு வைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருக்க நம்மால் முடியாதே. அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். ஆறு, ஏரி எல்லாம் அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு, ஆகவே ஓர் ஊரில் சரியானது அடுத்த ஊரில் சரியாக இருக்காது. அணைக்கட்டு என்றால் பேச்சே இல்லை. தனியார் குளம் என்றால் முதலில் உரிமையாளரின் அனுமதி. எதுவானாலும் இடத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டு இறங்குங்கள் என்றார். கலா ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டு வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

திரும்பி வரும்போது ஆயர் ஈத்தாம் சந்தையோரம் லக்சா நூடுல்ஸ் கடையில் மீன் குழம்பு கொதிக்கிற மணம் ஆளை இழுத்தது. விரத வீட்டில் தங்கிக்கொண்டு வாயில் மீன் வாசனையோடு போய் நிற்பதா? மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். பக்கத்துக் கடைகளில் எல்லாம் சீன எழுத்துப் போட்ட மஞ்சள் கொடி குத்தியிருந்தது. என்னவென்று கலாவிடம் கேட்டதற்கு, "சீனவங்களுக்கு இப்ப ஒம்பது நாள் மரக்கறிக்கா, சாமிக்கு. கொடி இருந்தா அந்தக் கடையில மச்சம் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். நானும் அதை அங்கேயே மறந்தேன்.

சனி, காலை ஆறரை

பினாங்குப் பாலம் பதின்மூன்றரைக் கிலோமீட்டர். தீவிலிருந்து போகும்போது காசில்லை, திரும்பி வரும்போதுதான் காடிக்கு ஏழு வெள்ளி. வெளியே போகிறவனை யாரும் தடுப்பதில்லை போலும். கடல் வெளுக்கத் தொடங்கியது, கலா சாமிப் பாட்டுப் போட்டிருந்தாள்.

ஜூருவில் பட்டறை வாசலில் வாசு நின்றிருந்தான். முப்பத்தைந்து வயது, தோள் இரண்டும் மரம்போல் திரண்டிருந்தன. நெற்றியில் பளிச்சென்று நாமம். கலா அதைப் பார்த்ததும் காடியை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"டேய், என்னாடா இது?"

"பொண்டாட்டி மாசமா இருக்கால்ல, டாக்டர் ஏதோ சொன்னாங்க, பயமாயிருச்சு. இந்த வருசம் முழு விரதம்னு வேண்டிக்கிட்டேன். எல்லாச் சனியும் கோயில்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லலே? இன்னிக்கு நீதானே சாப்பிடணும்?"

"நானா? அக்கா ஊர்லேந்து வராங்கன்னு சொன்னே. அவங்க சாப்பிடுவாங்கன்னு நெனச்சேன்!" என்று என்னைக் கைகாட்டினான்.

நான் சாப்பிடுவேன்தான், முள்ளோடு சாப்பிடுவேன். ஆனால் குத்திய கை அல்லவா சாப்பிட வேண்டும்? என் கைக்கு ஈட்டி கிடையாதே, முதல் நாளாயிற்றே! "வெறுங்கை என்பது உங்கள் குழுச் சட்டம்தானே, எடுத்துவிடு. ஈட்டியைக் கொடு, நான் குத்துகிறேன், நானே சாப்பிடுகிறேன்" என்று கலாவிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் குஷியாகவே இருந்தது, மறைப்பானேன்.

கலா மாட்டேன் என்று தலையாட்டினாள். "நீங்க தப்பா ஒரு கெலாவக் குத்திட்டா, அதோட முடிஞ்சிரும்க்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது உண்மை.

எட்டு மணி

புக்கிட் மெர்தாஜாம் ஊரைத் தாண்டி செம்மண் பாதையில் திரும்பியதும் தோட்ட வீடு தெரிந்தது. வாசலில் மஞ்சள் கொடி. முதலில் பார்த்தது நான்தான். "கலா, நேற்று நீ சொன்ன கொடி" என்றேன்.

"அலாமாக்!" என்று அவள் தலையில் கை வைத்தாள்.

ஆன்ட்டி வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையுமாக வெளியே வந்தார். ஒடிசலான உடம்பு, கூர்மையான கண். கலாவோடு மலாயில் பேசினார், கலா எனக்குச் சொன்னாள். ஆன்ட்டிக்கும் ஒன்பது நாள் விரதம். அவர் சாப்பிடப் போவதில்லை, ஆனால் நாங்கள்தானே சாப்பிடப் போகிறோம் என்று சனிக்கிழமைக்குச் சம்மதித்திருக்கிறார். தன் அடுப்பில் மீன் ஏறக் கூடாது என்று எங்களுக்காக வெளியே தனி அடுப்பும் புதுச் சட்டியும் வைத்திருந்தார். அந்தச் சட்டியைப் பார்த்ததும் கலாவின் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவள் மென்று விழுங்காமல் சொல்லிவிட்டாள். எங்களுக்கும் விரதம். நான் வாசுவை நம்பினேன், அவன் இந்த அக்காவை நம்பினான் என்றாள். ஆன்ட்டி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ஒரு குளம், கரையில் நாலு பேர், அதில் மூன்று பேருக்கு மீன் ஆகாது.

சிரிப்பு அடங்கியதும், "சாப்பிடாட்டி குத்த முடியாது. தக் போலே" என்று கையை விரித்தார். ஐஸ் பெட்டியில் வைத்துப் புரட்டாசி முடிந்து சாப்பிடுகிறோம் என்று வாசு கேட்டுப் பார்த்தான். அதற்கும் மறுத்துத் தலையாட்டல்தான், கண் முன்னால் சாப்பிட வேண்டும். அடுத்த வாரம்? திங்கட்கிழமை பம்பு வருகிறது.

நான் ஊரில் என்றால் இதற்குள் சண்டைக்குப் போயிருப்பேன். இவர்கள் யாரும் குரலை உயர்த்தவில்லை. வாசு தரையில் உட்கார்ந்து, ஈட்டிகளின் முள்ளைத் திருகிக் கழற்றிப் பெட்டியில் போட ஆரம்பித்தான். முள் இல்லாமல் வெறும் கம்பு ஒன்று கலாவின் காலடியில் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று குனிந்து எடுத்து, மொட்டை முனையில் ஒரு ரப்பர் மூடியைச் செருகினாள்.

"ஆன்ட்டி, குத்தலே. தொடறேன். ராஜாவ மட்டும் தொட்டுக் காட்டுறேன். அக்கா பின்னாலயே வந்து கேமராவுல எடுப்பாங்க. ஒரே ஒரு தடவ வேற மீன் மேல கம்பு பட்டாலும் நாங்களே கெளம்பிடுறோம், பம்பு வரட்டும்."

ஆன்ட்டி அந்த ரப்பர் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "போலே" என்றார். சரி என்று அர்த்தம்.

ஒன்பது மணியிலிருந்து

வெறுங்கை என்றார்களே, கடைசியில் என் கையில் கேமராவாவது வந்தது. குளத்தின் மேல்தண்ணீர் வெதுவெதுப்பு. நெஞ்சளவுக்குக் கீழே போனதும் பற்கள் கிட்டிக்கொள்கிற குளிர். பச்சைத் தண்ணீர், இரண்டு ஆள் நீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. என் முப்பது வருஷ நீச்சல் எல்லாம் மேலே கை கால் அடிப்பதுதான் என்று முதல் நிமிஷத்திலேயே புரிந்தது. கலா காலை அசைப்பதே தெரியாமல் இறங்கிப் போனாள். நான் தட்டுத் தடுமாறிப் பின்னால் போனேன்.

முதல் ராஜா ஒரு பாறை மேல் குஞ்சுகளைக் காத்துக்கொண்டு நின்றது. உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, வாலில் பொன் விளிம்போடு ஒரு கண். கலா ரப்பரை இழுத்து விட்டாள், கம்பு அதன் விலாவில் பொத்தென்று பட்டது. அது ஒரு சுற்றுச் சுற்றி எங்களை முறைத்துவிட்டு மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நின்றது. அப்பா, என்ன திமிர்! மேலே வந்து மூச்சு வாங்குவதும் இறங்குவதுமாக ஆறு ராஜாக்களைத் தொட்டாள். எல்லாவற்றிலும் வாலில் கண் இருந்தது.

குவாரிக் காலத்து இரும்புச் சட்டம் ஒன்று அடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதன் நிழலிலிருந்து பெரிதாக ஒன்று அசைந்து வந்தது. கலா ஏற்கெனவே ரப்பரை முழுக்க இழுத்துப் பிடித்திருந்தாள், கம்பின் முனை அந்த உடம்புக்கு நேரே. பட்டை இருக்கிறதா என்று கலங்கிய தண்ணீரில் எனக்குத் தெரியவில்லை. வாலைத் தேடினேன். தண்ணீருக்குள் கத்த முடியாது. நானாக இருந்தால் விட்டிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் கையை விட்டிருப்பேன்.

கலா விடவில்லை. கம்பை மெல்லப் பின்னுக்கு வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு கல்போல் நின்றாள். அந்த மீன் எங்கள் பக்கமாகத் திரும்பியது. வாலில் கண் இல்லை. செதில் ஒவ்வொன்றும் ஐம்பது காசு நாணயத்தின் அகலம், ஓரத்தில் பொன் பூசியதுபோல். அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று. நாங்கள் யாரோ என்று அவை அவசரமில்லாமல் கடந்து போயின. நான் கேமராவை மறந்தே போனேன். நல்லவேளை, கேமரா என்னை மறக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது.

கரையில் வாசு குடை பிடிக்க, ஆன்ட்டி அந்தச் சின்னத் திரையை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். ராஜா ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்றார். கம்பு பின்வாங்குகிற இடம் வந்தது. செதில் தெரிந்தது. அவர் ம் சொல்லவில்லை.

"மறுபடியும் போடு" என்றார். போட்டோம். விரலால் திரையைத் தொட்டு எண்ணினார், சத்து, டுவா, தீகா. மூன்று. பிறகு கணவரின் பெயர் போல ஏதோ ஒன்றைச் சொல்லி, வெள்ளைச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்தார். ஐந்து வருஷமாகத் தனியாகக் காத்த குளத்தில், எல்லாம் செத்துவிட்டது என்று நம்பி, அவர் தம் கையாலேயே அந்த மூன்றையும் திங்கட்கிழமை கொல்ல இருந்தார்.

அங்கேயே நின்று ஒப்பந்தக்காரரைப் போனில் அழைத்தார். சீனத்தில் இரண்டு நிமிஷம் காரசாரமாகப் பேசினார். முன்பணம் திரும்பாது என்றார்களாம், வைத்துக்கொள் என்றாராம். கலா அப்படியே ஈரத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசு வேறு பக்கம் திரும்பி நாமத்தைத் துடைத்துக்கொண்டான், மூக்கையும்.

பகல் ஒரு மணி

சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்றார் ஆன்ட்டி. பிஹூன் என்கிற அரிசிச் சேமியா, காளான், டோஃபு. நடுவில் ஒரு நீளத் தட்டில், தலை, வால், மேலே மொறுமொறுவென்று கறுப்புத் தோல், இஞ்சிச் சாறு ஒழுக ஒரு முழு மீன்! எனக்குக் கண்ணே இருட்டியது. விரதம் என்றாரே?

"டோஃபு தோல்க்கா. கறுப்பா இருக்கிறது கடல்பாசி. சீனவங்க மரக்கறி மீனு" என்று கலா என் காதில் கிசுகிசுத்தாள். நான் அதற்குள் கரண்டியை நீட்டிவிட்டேன்.

ஆன்ட்டி என் கரண்டியைத் தட்டிவிட்டார். வலிக்கத்தான் செய்தது. அந்த மீனின் நடுத்துண்டை வெட்டி எடுத்து, கலாவின் தட்டில் வைத்தார். அவளுடைய வலது கையைப் பிடித்துத் தூக்கி எங்களிடம் காட்டி, மலாயில் ஏதோ சொன்னார். கலா மொழிபெயர்க்கவில்லை, அழுதுகொண்டே சாப்பிட்டாள். எனக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை.

ஞாயிறும் அதற்குப் பிறகும்

எங்கள் பக்கத்துக் கண்மாயில் வெயில் காலத்தில் தண்ணீர் வற்றியதும் ஒரு நாள் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார், அதுவரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. பிடித்ததை விற்கவும் கூடாது, அன்றே குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். இதை எல்லாம் சின்ன வயதில் சாமிக்குத்தம் என்று கேட்டுப் பயந்திருக்கிறேனே தவிர, எதற்கு என்று யோசித்ததில்லை. பினாங்கில் போய் ஒரு சீன ஆன்ட்டியிடம் கரண்டியடி வாங்கித்தான் யோசிக்க வேண்டியிருந்தது. ஆனால் எங்கள் துண்டு விழுந்த ஒரு மணி நேரத்தில் கண்மாயில் குஞ்சு குருமான்கூட மிஞ்சாது. இது விராலா, கெளுத்தியா என்று பார்த்துக் கையை இழுத்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை.

மதுரையில் இறங்கியதும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான், எத்தனை மீன் குத்தினாய்? ஒன்றுகூட இல்லை என்றதும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அடுத்த முறை எனக்கு ஈட்டி உண்டு, தொண்ணூற்று நான்கு ராஜாக்களைப் பார்த்த பிறகு.

புரட்டாசி முடிந்த முதல் சனிக்கிழமை கலாவிடமிருந்து ஒரு படம் வந்தது. தட்டில் முள் மட்டும், பக்கத்தில் அவளுடைய வலது கை. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "ரெண்டு ராஜா, ஆன்ட்டி பக்கத்துலயே உக்காந்து கடைசி வாய் வரைக்கும் பாத்தாங்க. அப்புறம் இன்னொன்னுக்கா, கெலா மூணு இல்ல, அஞ்சு."